அந்தி வசவு

மரத்தைக்கூட அவள் திட்டிவிட்டுத்தான் வெட்டுவாள். விடியற்காலையில் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தின் முன் குனிந்து, நேற்று வழிந்து காய்ந்த பாலை உரித்துச் சட்டியில் போட்டு, கத்தியை வைக்கும் முன் அந்த மரத்தின் தாயைப் பற்றி ஒரு சொல் சொல்வாள். அடுத்த மரத்துக்கு வேறொரு சொல். முந்நூறு மரத்தையும் வெட்டி முடிக்கும்வரை ஒரு வசவு இரண்டாம் தடவை வராது என்று அவளுக்குப் பக்கத்து நிரையில் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் கூடப் போய் எண்ணியதில்லை. ஆனால் அந்த வசவுகளை உட்கார வைத்துக் கேட்டு எழுதியவள் நான்தான். ஆகவே அந்தப் பேச்சை நம்புகிறேன்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. தோட்டத்தில் எல்லோரும் வாய்க்காரி என்றே சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. பாம்படம் போட்டிருந்த காது ஒரு பக்கம் அறுந்து இரண்டாகத் தொங்கும். திட்டுகிறவர்களுக்கு முகம் சிவக்கும், கை நீளும், குரல் ஏறும். அவளுக்கு இவை ஒன்றுமே கிடையாது. அரிசியில் கல் பொறுக்குகிறவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கேட்கக் காது கூசும் சொல்லைத் தணிந்த குரலில், ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி சொல்வாள். சொல்லும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டாள். தலைக்கு ஒரு முழம் மேலே, வெறும் காற்றில் கண்ணை நிறுத்தியிருப்பாள். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்துவாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்பவள்போலத் தலையைச் சாய்ப்பாள். பிறகு தொடர்வாள்.

அந்த நிறுத்தல்தான் எனக்குப் பயம். சொற்களுக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. இப்படி எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. ஒருவேளை சொற்களுக்கும் பயந்திருக்கலாம்.

எங்கள் தோட்டம் செமோரிலிருந்து உள்ளே நாலு மைல். என் வீட்டுக்காரர் அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. நான் ஈப்போவில் மாதா கோயில் கன்னிமாரம்மாக்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் படித்தவள். ஆங்கிலமும் தமிழும் ஒழுங்காக எழுதுவேன். "வாயிலிருந்து வருவதுதான் வளர்ப்பு" என்று எங்கள் ஆசிரியை சொல்வார். கெட்ட வார்த்தை பேசிய பெண்ணை வராந்தாவில் நிறுத்திச் சவுக்காரக் கட்டியைக் கடிக்கச் சொல்வார்கள். நான் ஒரு தடவைகூடக் கடித்ததில்லை.

கிராணி வீடு, ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு அப்பால் கடைசியில் இருந்தது. பின்வாசலில் இரண்டு படி. படிக்குக் கீழே ஒரு வாய்க்கால், கடக்க ஒரு பலகை. வாய்க்காலைத் தாண்டினால் எட்டாம் நம்பர். தோட்டத்தில் ஒவ்வொரு வெட்டுக்காட்டுக்கும் நம்பர் உண்டு. எட்டாம் நம்பரில் ஊரிலிருந்து வந்த முதல் ஆட்கள் காட்டை அழிக்கும்போது காய்ச்சலில் வரிசையாகச் செத்தார்களாம். விழுந்த இடத்திலேயே புதைத்துவிட்டு, அதன்மேல் கித்தாக் கன்று நட்டார்களாம். வாய்க்கால் ஓரத்தில் குழந்தைகளுக்கென்று கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். என் மூத்தவனும் அங்கேதான் இருக்கிறான். இருபத்தேழு நாள் இருந்தான்.

அடுத்துப் பிறந்தவள் என் மகள். அவளுக்கு நாலு மாதமாக இருக்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்தில் பின்வாசல் படியில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவனையும் அதே படியில், அதே நேரத்தில்தான் தாலாட்டினேன். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காது. நானாகக் கட்டிக்கொண்ட பாட்டு. கண்ணே வா, ராசா வா என்று ஒவ்வொரு வரியும் 'வா'வில் முடியும்.

தலையில் விறகுக் கட்டோடு வந்த வாய்க்காரி வாய்க்கால் பலகையில் நின்றுவிட்டாள்.

"நிறுத்து தாயி."

கிராணி வீட்டு அம்மாவிடம் அப்படி யாரும் பேச மாட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"யாருக்குப் பாடற?"

"பிள்ளைக்குத்தான்."

"பிள்ளைக்குன்னு உனக்குத் தெரியும். அங்க படுத்திருக்கறதுங்களுக்குத் தெரியுமா?" மோவாயால் எட்டாம் நம்பரைக் காட்டினாள். "கப்பல்ல வந்ததுங்க. ஆத்தா அப்பன் மொகம் பாக்காம செத்ததுங்க. அந்தி நேரத்துல நம்ம பேச்சுல ஒருத்தி கண்ணே வா, ராசா வான்னா, நம்மளத்தான் கூப்புடறாங்கன்னு எந்திரிச்சு வராதா?"

விறகை இறக்கிவைத்துவிட்டு என் மகளைக் குனிந்து பார்த்தாள். "ஏ கருவாட்டு மூஞ்சி. சப்ப மூக்கு. பீத்துணி. உன்ன எவன் கேப்பான்?" என்றாள். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. பிறகு அவள் நிமிர்ந்து, எட்டாம் நம்பர் மரங்களின் பக்கம் திரும்பித் திட்டினாள். அந்தச் சொற்களை இங்கே எழுத முடியாது. நான் குழந்தையின் இரண்டு காதையும் பொத்தினேன். சொன்னாள், நிறுத்தினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், மறுபடி சொன்னாள். கடைசியில் ஒரு சின்னச் சொல்லோடு முடித்துக்கொண்டு விறகைத் தூக்கிப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படிச்சவ நீ. இதெல்லாம் நம்பறியா?" என்று கேட்டார்.

"நம்பலங்க."

மறுநாள் அந்தியில் நான் பாடவில்லை. அவள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அப்புறம் தினமும் வந்தாள். கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசிப்பேன். சாத்தியதில்லை. அவள் வர நேரமானால் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "அக்கா, நல்ல வார்த்தையாச் சொன்னா அதுங்க போகாதா? பாவந்தானே?"

"நல்ல வார்த்தைக்குத்தான் அதுங்க வரும். நம்மளச் சொந்தம்னு நெனச்சுரும். அசிங்கமாத் திட்டு, இது நம்ம வீடு இல்லன்னு போயிரும்."

அவளைப் பற்றித் தோட்டத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை ஒன்று உண்டு. சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன தொரைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மூக்கு வெயிலில் தோலுரிந்திருக்கும். காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும்போது, அவர் அவளைத் தாண்டிப் போவார். அவள் கும்பிடுகிற குரலில், அவருடைய பிறப்பைப் பற்றியும் அரைக்கால் சட்டைக்குள் இருப்பதைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்வாள். அவர் சிரித்த முகத்தோடு தொப்பியைத் தொட்டு, "நீவிர் சுகமாயிருக்கிறீரா?" என்பார். வரிசை முழுக்க வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு குலுங்கும்.

"தொரை கேக்கறாரு, சுகமான்னு! சொல்லேன்டி," என்று பின்னாலிருந்து ஒருத்தி கிள்ளுவாள்.

"இவன் மூஞ்சியப் பாத்தப்புறம் என்னாடி சுகம்?" என்பாள் இவள், முகம் மாறாமல். கங்காணி இருமலைப் போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு தள்ளிப் போய்விடுவார். நாள் முழுவதும் அந்த ஒரு சிரிப்பில்தான் வேலை நடக்கும் என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார்.

புதிதாக வரும் தொரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஈப்போவிலிருந்து முன்ஷி ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து இலக்கணத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பரீட்சையில் ஆட்களின் பேச்சையும் கேட்பார்களாம். முன்ஷியிடம் அது இல்லை. சின்ன தொரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆட்கள் கோபத்தில் பேசும் தமிழை ஆங்கில அர்த்தத்தோடு எழுதித் தரச் சொன்னார்.

"எழுதறதுக்கு உன்ன விட்டா யாரு?" என்றார் இவர் சாப்பிட்டுக்கொண்டே. "அந்த வாய்க்காரி தெனமும் நம்ம வீட்டுக்குத்தானே வாரா."

"அசிங்கங்க."

"பேசினாத்தான் அசிங்கம். எழுதினா பாடம். பெரிய கிராணி வேலை காலியாகப் போகுது, தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். நான் ஒப்புக்கொண்டேன். அது மட்டுமல்ல, இதை எங்கேயாவது சொல்லித்தான் ஆக வேண்டும், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷமாகப் பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன். முதலில் சொல். அடுத்தது அர்த்தம். மூன்றாவது, யாரைப் பார்த்துச் சொல்வது. அந்த மூன்றாம் கட்டத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு சொல்லைப் படித்தால் அது எங்கே வழங்குகிறது என்றும் அறிய வேண்டும் என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள். நான் நல்ல மாணவி.

அவள் படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். "இதுக்கெல்லாங்கூடப் பள்ளிக்கூடம் வச்சிட்டாங்களா? சரி, எழுதிக்க."

வெயில் இருக்கும்போதே வரச் சொல்வேன். ஏழெட்டு நாள் எழுதினோம். ஒன்றைச் சொல்வாள், நான் எழுத்துக்கூட்டி எழுதித் திரும்ப வாசிப்பேன். உதட்டை அசைக்காமல் வாசிப்பேன்.

"அப்படிப் பாடம் படிச்சா அது கடிக்குமா? பல்லப் புடுங்கின பாம்புல்ல அது," என்று சிரிப்பாள்.

"இது யாருக்கு அக்கா?"

"மரத்துக்கு."

"இது?"

"கங்காணிக்கு. அவன் பொண்டாட்டிக்குக் கெடயாது, அவ நல்லவ."

"இது?"

"சின்ன தொரைக்கு. பெரட்டுல சொல்றது."

எழுதினேன். சின்ன தொரைக்கு, பெரட்டில், நாள்தோறும். அழகான கையெழுத்தில் எழுதினேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தும் எழுதினேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன்.

கடைசியில் சின்னச் சொற்கள் வந்தன. கருவாட்டு மூஞ்சி, சப்ப மூக்கு, பீத்துணி.

"இது இவளுக்குத்தானே?" என்று மடியில் இருந்த மகளைக் காட்டினேன்.

"இவளுக்கும்."

"வேற யாருக்கு?"

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய்க்காலைப் பார்த்தாள். நான் அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"என் மூத்தவனும் அங்கதானே இருக்கான். அவனையுமா சேத்துத் திட்டறீங்க?"

"வாரானே தாயி. எல்லாத்துக்கும் முன்னால அவந்தான் வாரான். அவனுக்குத்தானே நீ மொதல்ல பாடின." குரல் எப்போதும்போலத் தணிந்துதான் இருந்தது. "ஆனா பெருசு சொல்ல எனக்கு வாய் வரல. அவனுக்கு மட்டும் சின்னதாத்தான் சொல்றேன். கேட்டுக்கிட்டுப் போயிடறான்."

பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. நோட்டு முழுவதிலும் வெறுமையாக விட்டது அது ஒன்றுதான்.

நோட்டை வாங்கிப் புரட்டிய என் வீட்டுக்காரர், "ரொம்ப ஒழுங்கா இருக்கு," என்றார். அவர் மூன்றாம் கட்டத்தைப் பார்த்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பெரட்டில் நடந்ததை அவரே வந்து சொன்னார். அவள் வழக்கம்போல இரண்டு வாக்கியம் சொன்னாளாம். சின்ன தொரை தொப்பியைத் தொடவில்லையாம். அவள் முன்னால் நின்று, அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே திருப்பிச் சொன்னாராம். அதன் ஆங்கில அர்த்தத்தையும், வகுப்பில் எழுந்து ஒப்பிப்பதுபோலச் சொன்னாராம். என் அர்த்தம். நான் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துத் தேடிய சொற்கள். யாரும் சிரிக்கவில்லையாம். நூற்றுச் சொச்சம் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

"உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு," என்றார் இவர். பிறகு, "பேரை வெட்டிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள லயத்தைக் காலி பண்ணணும்," என்றார்.

அன்று அந்தியில் அவள் வந்தாள். தலையில் விறகுக்குப் பதில் ஒரு தகரப் பெட்டி. செமோருக்குப் போகும் மாட்டு வண்டி லயத்து முனையில் நின்றது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

அவள் வாய்க்கால் பலகையில் நின்றாள். முதன்முறையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நல்லா இரு கண்ணு," என்றாள். "மகராசியா இரு."

அவள் வாயில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. விளக்கு வைக்கிற நேரத்தில், எட்டாம் நம்பருக்குக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள்.

"அக்கா, திட்டிட்டுப் போங்க," என்றேன். "பிள்ளையத் திட்டிட்டுப் போங்க."

"எல்லாத்தையுந்தான் எழுதி வாங்கிட்டியே தாயி. இனிமே நீ சொல்லு."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் சொன்னது வாழ்த்தா, பழியா? எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சில நாள் ஒன்று தோன்றும், சில நாள் மற்றது.

மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தியில் நான் படியில் நின்றேன். நோட்டு சின்ன தொரை பங்களாவில் இருந்தது. எனக்கு நோட்டு தேவைப்படவில்லை. முதல் பக்கத்திலிருந்து வரிசை மாறாமல் சொன்னேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன கேட்குமோ என்று ஒரே மூச்சில் ஓடினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த கொய்னாவும் உள்ளே போயிருந்தது. எதனால் விட்டது என்று யாரால் சொல்ல முடியும்? இவருக்குப் பெரிய கிராணி வேலை கிடைத்தது. அந்தத் தோட்டத்தை விட்டுப் புறப்படும்வரை ஒரு அந்தியும் தவறாமல் சொன்னேன்.

அவளைப் பீடோர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்ததாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். அங்கே வாயே திறப்பதில்லையாம். "ஊமைன்னு நெனச்சுட்டாங்களாம்," என்று சிரித்தார். நான் மேலே விசாரிக்கவில்லை.

இப்போது நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். இவருக்கு ஒரு கடை ஆபீசில் வேலை. ஓட்டு வீட்டு வரிசை, முன்னால் சரளை போட்ட தெரு, சுற்றிலும் மனிதர்கள். எட்டாம் நம்பர் இங்கே இல்லை என்று நான் அந்தி வசவை நிறுத்திவிட்டேன். மகளுக்கு நாலு வயதாகிவிட்டது. அவள் காதில் ஒரு கெட்ட சொல் விழாமல் வளர்த்திருக்கிறேன். யார் வந்தாலும் வாங்க, உட்காருங்க என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவாள். அக்கம்பக்கத்தில் அவள் பேச்சை மெச்சாதவர்கள் இல்லை. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று மட்டும் நாங்கள் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு நாள், சாமிக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மகளின் குரல் கேட்டது.

"வாங்கண்ணே. ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

தீக்குச்சி விரலைச் சுட்டது. எழுந்து போனேன். வாசற்படியில் அவள் மட்டும் நின்றாள். தெரு காலியாக இருந்தது.

"யாரக் கூப்பிடற?"

"அந்த அண்ணனத்தாம்மா. பின்னால நெறைய பேரு நிக்கிறாங்க. அவங்களையும் கூப்பிடவா? வாங்கன்னு சொன்னாத்தான் வருவாங்களாம்."

நான் அவளை இழுத்து என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பெரிய கிராணியாக இருந்தவர் மனைவி, கன்னிமாரம்மாக்களிடம் படித்தவள், தெருவுக்கே கேட்கும்படி வாயைத் திறந்தேன். நோட்டின் வரிசை மறந்துவிட்டது. அதது தானாக வந்தது. கண்ணைத் தெருவுக்கு ஒரு முழம் மேலே நிறுத்திச் சொன்னேன். அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தது. எதிர்வீட்டு அம்மாள், "அடி ஆத்தீ!" என்றாள். மூன்று சொல் சொன்ன பிறகு, நான் நினைக்காமலே நிறுத்தினேன். தலை சாய்ந்தது.

சரளையில் காலடிகள் கேட்டன. நிறையக் காலடிகள், திரும்பிப் போகும் காலடிகள். வாய்க்காரி எதற்காக நிறுத்துவாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி நிறுத்தினேன். சத்தம் தெரு முனைவரை போய்த் தேய்ந்தது.

ஒன்று மட்டும் போகவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில், சின்னக் கால் ஒன்று சரளையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே நின்றது. அவன் இருந்தால் இப்போது ஆறு வயது.

"அண்ணன் நிக்கிறாரும்மா," என்றாள் மகள் முந்தானைக்குள்ளிருந்து.

பெரிய சொல் ஒன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. எனக்கும் வாய் வரவில்லை. படியில் குனிந்து உட்கார்ந்தேன். அவன் முகம் இருக்கக்கூடிய உயரத்துக்குக் குனிந்தேன்.

"போடா, சப்ப மூக்கா," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.